வீட்டு மீட்டரா, தனி இணைப்பா, பொது நிலையமா? கடலூர், புதுச்சேரியில் மின்சார வண்டிக்குச் சார்ஜ் போடும் வழிகள்

வண்டியைப் பதிவு செய்தாயிற்று, டெலிவரிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. வீட்டில் இருக்கும் பதினைந்து ஆம்ப் பிளக் போதுமா, தனி மீட்டர் வாங்க வேண்டுமா, அல்லது வெளியில் சார்ஜ் போட்டுச் சமாளித்துவிடலாமா என்ற குழப்பம் பெரும்பாலும் அப்போதுதான் வருகிறது. ஷோரூமில் ஒன்று சொல்கிறார்கள், வயரிங் போடுபவர் வேறு சொல்கிறார், ஈ.பி. ஆபீசில் மூன்றாவதாக ஒன்று கிடைக்கிறது. மூன்று பேரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்வதுதான் சிக்கல். ஒருவர் வண்டியைப் பார்க்கிறார், ஒருவர் ஒயரைப் பார்க்கிறார், ஒருவர் கட்டணப் பிரிவைப் பார்க்கிறார்.

## முதலில் எதை அளப்பது

ஐந்து விஷயங்களைத் தாளில் எழுதிக்கொண்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

முதலாவது, மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால், ஸ்கூட்டர் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 30 கி.மீ. ஓடும், கார் ஆறிலிருந்து ஏழு கி.மீ. ஓடும். நிறுவனம் சொல்லும் மைலேஜைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டால் பில் வரும்போது இடிக்கும்.

இரண்டாவது, இப்போது வீட்டு பில் எத்தனை யூனிட்டில் நிற்கிறது. குளிர்காலப் பில்லைப் பார்க்காதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஏ.சி. ஓடிய பில்லை எடுங்கள்.

மூன்றாவது, வண்டி நிற்கும் இடம் உங்கள் காம்பவுண்டுக்குள்ளா, தெருவிலா, அடுக்குமாடியின் பொது இடத்திலா. நான்காவது, மீட்டர் போர்டிலிருந்து அந்த இடம் எத்தனை மீட்டர் தூரம். ஐந்தாவது, சார்ஜுக்கு யாரிடமாவது காசு வாங்கப் போகிறீர்களா. இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பின்னால் பார்ப்போம்.

## தேசிய விதி எதுவரை உதவும்

மின்சார வண்டிக்குச் சார்ஜ் போடுவது ஒரு சேவை, அது மின்சார விற்பனை அல்ல, எனவே 2003 மின்சாரச் சட்டத்தின்படி உரிமம் தேவையில்லை என்று மத்திய மின் அமைச்சகம் 2018 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. இன்று கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை மூன்று. 2024 செப்டம்பரில் அதே அமைச்சகம் வெளியிட்ட சார்ஜிங் உள்கட்டமைப்பு வழிகாட்டி நெறிமுறைகள்; 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள்; மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு ஒழுங்குமுறைகள்.

இவை தரும் உரிமை ஊருக்கு ஊர் மாறாது. வீட்டில் இருக்கும் இணைப்பிலேயே சார்ஜ் போடலாம். கேட்டால் தனி இணைப்பு தர வேண்டும். முழு விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து பெருநகரில் 3 நாள், மற்ற நகராட்சிப் பகுதியில் 7 நாள், கிராமத்தில் 15 நாளுக்குள் இணைப்பு வர வேண்டும். கம்பம், டிரான்ஸ்ஃபார்மர் புதிதாகப் போட வேண்டியிருந்தால் கூடுதல் அவகாசம் உண்டு.

கட்டணம் மட்டும் வேறு கதை. சார்ஜிங் நிலையத்துக்கான மின்கட்டணம் சராசரி விநியோகச் செலவை (ஒரு யூனிட்டைக் கொண்டுவந்து கொடுக்க ஆகும் சராசரிச் செலவு) தாண்டக்கூடாது, காலை 9 முதல் மாலை 4 வரை அதில் 0.7 பங்கு, மற்ற நேரத்தில் 1.3 பங்கு என்று நெறிமுறை சொல்கிறது. 2028 மார்ச் வரை இதுதான் வழிகாட்டுதல். ஆனால் பில்லில் ஏறும் எண்ணை எழுதுவது மின்சார ஒழுங்குமுறை ஆணையம். கடலூர் மீட்டருக்குத் தமிழ்நாடு ஆணையத்தின் ஆணை செல்லும், விநியோகம் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். புதுச்சேரி மீட்டருக்குக் கோவா மற்றும் யூனியன் பிரதேசங்களுக்கான இணை ஆணையம், விநியோகம் புதுச்சேரி மின்துறை. முள்ளோடை எல்லைக்குக் கடலூர்ப் பக்கம் ரெட்டிச்சாவடி, புதுச்சேரிப் பக்கம் கன்னியக்கோயில். நடந்தே போகக்கூடிய தூரத்தில் இரண்டு கட்டணப் புத்தகங்கள். கடலூரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், புதுச்சேரியில் மாதா மாதம். புதுச்சேரியில் 100, 200, 300 யூனிட் என்று மாதப் படிகள். அத்தோடு லோடு கணக்கில், எத்தனை யூனிட் ஓடினாலும் மாறாத நிலைக்கட்டணமும் உண்டு. ஆகவே புதுச்சேரி பாகூரில் இருக்கும் மாமாவின் பில்லை வைத்துக்கொண்டு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் முடிவெடுக்க முடியாது.

## வழி 1: இருக்கும் வீட்டு மீட்டரிலேயே

ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான் சரி. கணக்கைப் பார்த்தால் புரியும்.

கடலூரில் இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் ஓடும் ஒரு வீடு. தினம் 25 கி.மீ. ஸ்கூட்டர் ஓடினால் இரண்டு மாதத்தில் 1,500 கி.மீ., அதாவது சுமார் 50 யூனிட். மொத்தம் 430. தமிழ்நாட்டின் 2024 ஜூலை கட்டணப்படி 400 வரை யூனிட்டுக்கு 4.80 ரூபாய், 401 முதல் 500 வரை 6.45 ரூபாய். கூடுதல் செலவு 290 ரூபாய் சொச்சம். மானியத்தால் சில ரூபாய் மாறலாம். இதற்காகத் தனி மீட்டர் தேடி அலைவது வீண்.

அதே வீட்டில் மாதம் 1,000 கி.மீ. ஓடும் காரை நிறுத்துங்கள். இரண்டு மாதத்தில் சுமார் 300 யூனிட், மொத்தம் 680. இப்போது 500 என்ற கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். 501 முதல் 600 வரை 8.55, 601 முதல் 800 வரை 9.65. கூட்டினால் காருக்கு மட்டும் சுமார் 2,370 ரூபாய். 500-ஐத் தாண்டியதால் கீழ்ப் படியில் கிடைத்துவந்த சலுகை போவதையும் சேர்த்தால் 2,600-ஐ ஒட்டி நிற்கும். யூனிட்டுக்கு எட்டேமுக்கால் ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே 800, 900 யூனிட் ஓடும் வீடு என்றால் காரின் ஒவ்வொரு யூனிட்டும் 10.70, 11.80 படியில்தான் விழும். தனி இணைப்பைப் பற்றிப் பேச வேண்டிய இடம் அதுதான்.

பணக் கணக்கைவிட இந்த வழியில் கவனிக்க வேண்டியது ஒயர். அயர்ன் பாக்ஸ் பத்து நிமிடம் இழுக்கும் கரண்டை, கார் சார்ஜர் ஆறேழு மணி நேரம் விடாமல் இழுக்கும். சாதாரண பதினைந்து ஆம்ப் பிளக்கில் 14 ஆம்ப் அப்படித் தொடர்ந்து ஓடினால் முதலில் பிளக்கின் உள்தகடு தளரும், பிறகு பிளாஸ்டிக் பழுப்பாகும், பிறகு உருகும். சார்ஜ் போட்டு அரை மணி கழித்துப் பிளக்கின் மேல் கை வையுங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அன்றே நிறுத்திவிட வேண்டும்.

செய்ய வேண்டிய வேலை இது:

- மீட்டர் போர்டிலிருந்து சார்ஜருக்கு மட்டும் தனி சர்க்யூட். ஏ.சி. லைனிலோ மோட்டார் லைனிலோ ஒட்டக்கூடாது. ஒவ்வொரு சார்ஜிங் முனைக்கும் (சார்ஜ் போடும் சாக்கெட்டுக்கும்) தனி சர்க்யூட் என்பது பாதுகாப்பு ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது.
- 3.3 கிலோவாட் வரை 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், 20 ஆம்ப் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்). 7.4 கிலோவாட் சார்ஜர் என்றால் குறைந்தது 6 சதுர மி.மீ., தூரம் 20 மீட்டரைத் தாண்டினால் 10, எம்.சி.பி. 40 ஆம்ப்.
- 30 மில்லி ஆம்பில் விழும் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்). கடையில் கேட்காமல் வாங்கினால் 'ஏ.சி.' (மாறு மின்னோட்ட) வகையைத்தான் தருவார்கள். 'ஏ' வகை என்று கேட்டு வாங்குங்கள். வண்டி சார்ஜரிலிருந்து கசியும் கரண்ட் துண்டுதுண்டான டி.சி.யாகவும் (நேர் மின்னோட்டம்) இருக்கலாம், 'ஏ.சி.' வகை அதைக் கவனிக்காமல் விட்டுவிடும்.
- சாக்கெட் தரையிலிருந்து குறைந்தது 800 மி.மீ. உயரத்தில். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அடாப்டர் எதுவும் கூடாது. வண்டி நிற்கும் இடம் முனையிலிருந்து 5 மீட்டருக்குள்.
- கார் என்றால் சாதாரண பிளக்குக்குப் பதில் நீல நிறத் தொழிற்சாலை சாக்கெட் போடுவது நல்லது. சில நூறு ரூபாய்தான் வித்தியாசம்.

பழைய வீடுகளில் இரண்டு கோளாறுகள் திரும்பத் திரும்ப வரும். ஆர்.சி.சி.பி. போட்டதும் அடிக்கடி விழுகிறது என்று சொல்லி அதைக் கழற்றிவிடுவது ஒன்று. காரணம் பெரும்பாலும் இரண்டு சர்க்யூட்டின் நியூட்ரல் ஒன்றாக முறுக்கப்பட்டிருப்பதுதான். நியூட்ரலைப் பிரித்தால் சரியாகிவிடும். இன்னொன்று ஆபத்தானது. எர்த் இல்லையென்றால் சார்ஜர் வேலை செய்ய மறுக்கும். உடனே சாக்கெட்டுக்குள் நியூட்ரலை எர்த் பின்னில் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். சார்ஜர் பச்சை விளக்குக் காட்டும். ஒரு நாள் கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் வண்டியின் உடம்பு முழுக்க 230 வோல்ட் நிற்கும். கடற்கரையோர மணலில் கோடையில் மேல்மண் காய்ந்து எர்த் பிடிக்காமல் போவது சகஜம். ஈரம் நிற்கும் ஆழம் வரை எர்த் குழாய் இறக்குங்கள், மே மாதத்தில் ஒருமுறை அளந்து பாருங்கள்.

சட்டத்தில் ஒரு எல்லையும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் வண்டிக்குக் காசு வாங்கிக்கொண்டு சார்ஜ் போட்டாலோ, காம்பவுண்டைத் தாண்டி அடுத்த மனைக்கு ஒயர் இழுத்தாலோ, அது மின்சாரச் சட்டப் பிரிவு 126-இன் கீழ் அனுமதியற்ற பயன்பாடு. பொருந்தும் கட்டணத்தின் இரண்டு மடங்கு கணக்கிட்டு வசூலிப்பார்கள். டெலிவரி வண்டிகள் நாலைந்தை வீட்டு மீட்டரில் ஏற்றி வாடகைக்கு விடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

## வழி 2: வண்டிக்கென்று தனி இணைப்பு

தனி மீட்டர் வந்தால் இன்னொரு 100 யூனிட் இலவசம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பலர் விண்ணப்பிக்கிறார்கள். அந்த நம்பிக்கையில் எடுக்க வேண்டாம். தனி இணைப்பு பெறும் உரிமையை மத்திய விதி தருகிறது. அது எந்தக் கட்டணப் பிரிவில் விழும் என்பது ஆணையத்தின் கட்டண ஆணையில் இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன்பே எந்தப் பிரிவு, நிலைக்கட்டணம் உண்டா, நேரவாரிக் கட்டணம் பொருந்துமா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பி மூவாயிரம் ரூபாய் ஒயர் வாங்கியபின் பிரிவு மாறினால் அழுது பயனில்லை.

விண்ணப்பத்துக்கு இட உரிமைச் சான்று (வீட்டுவரி ரசீது அல்லது பத்திரம்), வாடகை வீடென்றால் உரிமையாளரின் ஒப்புதல் கடிதம், ஆதார், உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் வயரிங் முடிவுச் சான்று ஆகியவை வேண்டும். கடலூரில் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். புதுச்சேரியில் உங்கள் பகுதி மின்துறை அலுவலகத்தில் நேரில் தொடங்குவது சுலபம். பதிவுக் கட்டணம், இணைப்புக் கட்டணம், மீட்டர் வைப்புத்தொகை, மேம்பாட்டுக் கட்டணம், காப்புத்தொகை என்று நாலைந்து தலைப்பில் பணம் போகும். ஒரே தொகையாகச் சொன்னால் பிரித்துக் கேளுங்கள்.

மறைந்திருக்கும் செலவு திரீ பேஸில் இருக்கிறது. தமிழ்நாட்டில் சிங்கிள் பேஸ் இணைப்பு 4 கிலோவாட் வரைதான். 7.4 கிலோவாட் சார்ஜர் வைக்க வேண்டுமானால் திரீ பேஸுக்குப் போக வேண்டும்; சர்வீஸ் ஒயர், மீட்டர் பாக்ஸ், மெயின் சுவிட்ச் எல்லாமே மாறும். இரவு முழுவதும் வண்டி வீட்டில்தான் நிற்கிறது என்றால் 3.3 கிலோவாட்டில் எட்டு மணி நேரத்தில் 26 யூனிட் ஏறிவிடும். அது 150 கி.மீ.க்கு மேல். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்த் திரும்பினால் ஐம்பது கி.மீ.தான். பெரிய சார்ஜர் பலருக்குத் தேவையே இல்லை; காரோடு இலவசமாக வந்தது என்பதற்காக மாட்டுகிறார்கள்.

இணைப்பு தாமதமானால் கேட்க வழி உண்டு. மின்சாரச் சட்டப் பிரிவு 43-இன்படி தவறும் ஒவ்வொரு நாளுக்கும் 1,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். முதலில் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அங்கே திருப்தியில்லை என்றால் மின் குறைதீர்ப்பாளர். விண்ணப்ப எண்ணும் பணம் கட்டிய தேதியும் கையில் இருந்தால் மட்டுமே இது எடுபடும்.

### அடுக்குமாடி என்றால்

சங்கம் 'கூடாது' என்று சொன்னால் முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். தனித்தனி இணைப்பா, மொத்த வளாகத்துக்கும் ஒரே இணைப்பா என்பதைப் பாதிக்கு மேற்பட்ட உரிமையாளர்களின் விருப்பப்படி முடிவு செய்ய 2024 திருத்தம் வழி செய்கிறது. பொதுப் பயன்பாட்டு மீட்டரிலிருந்து ஒயர் இழுத்து மாதம் இவ்வளவு என்று பேசிக்கொள்வது ஆரம்பத்தில் சுலபம். ஆறாவது வண்டி வந்ததும் சண்டை. தொடக்கத்திலேயே ஒவ்வொரு பார்க்கிங்குக்கும் துணை மீட்டர் வைத்துவிடுங்கள். தரைத்தளப் பார்க்கிங்கில் தண்ணீர் நிற்கும் கட்டடமா என்றும் பாருங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. சாக்கெட்டுக்கு விதி சொல்லும் 800 மி.மீ. உயரம் குறைந்தபட்ச அளவுதான், அன்று தண்ணீர் ஏறிய கோட்டுக்கு ஓரடி மேலே வைப்பதுதான் இங்கே புத்திசாலித்தனம்.

## வழி 3: பொதுச் சார்ஜிங் நிலையம் மட்டும்

புதுச்சேரி ஒயிட் டவுனில் தெருவோரம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கும், மாடி போர்ஷனில் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் வேறு வழி இருக்காது. ஜன்னலிலிருந்து நடைபாதைக்குக் குறுக்கே ஒயர் தொங்கவிடுவது ஒரு வழியே அல்ல.

விலை யூனிட்டுக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மேலே சொன்ன காருக்கு இரண்டு மாதத்தில் 6,000 ரூபாய் வரும், வீட்டில் போடுவதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். சார்ஜிங் சேவைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, செயலியில் காட்டும் விலை வரியோடா, வரியில்லாமலா என்று முதல் முறையே பாருங்கள். சார்ஜ் முடிந்தும் வண்டியை எடுக்காவிட்டால் நிமிடக் கணக்கில் காத்திருப்புக் கட்டணம் போடும் நிலையங்களும் உண்டு. 80 சதவீதத்துக்கு மேல் வேகச் சார்ஜரும் மெதுவாகிவிடும். அந்தக் கடைசி இருபதுக்காக நிற்பது நேர விரயம்.

ஸ்கூட்டர்காரர்களுக்கு இன்னொரு தடை: வண்டியில் சொருகும் பிளக்கின் முனை. காருக்கு சி.சி.எஸ். 2 என்று ஏறக்குறைய ஒரே முனையில் வந்து நின்றுவிட்டார்கள். இருசக்கர வண்டிகளில் இன்னும் நிறுவனத்துக்கு ஒன்று. பொதுவான முனைக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023-இல் தரம் வெளியிட்டிருந்தாலும் எல்லா வண்டியிலும் அது வரவில்லை.

நகரத்தில் 2030-க்குள் ஒரு கி.மீ.க்கு ஒரு கி.மீ. கட்டத்தில் ஒரு நிலையமாவது, நெடுஞ்சாலையில் இருபுறமும் 20 கி.மீ.க்கு ஒன்று என்பது தேசிய இலக்கு. இலக்கை நம்பி இன்று வண்டி வாங்காதீர்கள். எரிசக்தித் திறன் செயலகத்தின் 'ஈவி யாத்ரா' தளத்தில் உங்கள் வழியில் எத்தனை நிலையம் என்று பார்த்துவிட்டு, அவற்றில் இரண்டுக்காவது நேரில் போய் வேலை செய்கிறதா என்று பாருங்கள். புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாத நாட்களில் பொது நிலையமும் நின்றுவிடும். மழைக்கால எச்சரிக்கை வந்ததும் முழுதாக ஏற்றிவைத்துவிடுவது இந்தக் கடற்கரையில் பழக வேண்டிய ஒன்று.

## ஒரே பார்வையில்

| | வீட்டு மீட்டர் | தனி இணைப்பு | பொது நிலையம் |
|---|---|---|---|
| தொடக்கச் செலவு | தனி சர்க்யூட், ஆர்.சி.சி.பி., எர்த் | அத்தோடு இணைப்புக் கட்டணங்கள் | இல்லை |
| யூனிட் விலை | வீட்டின் உச்சப் படியைப் பொறுத்தது | ஆணையம் சொல்லும் பிரிவு | மூன்றிலும் அதிகம் |
| காத்திருப்பு | எலக்ட்ரீஷியன் வரும் வரை | விதிப்படி 7 அல்லது 15 நாள், வேலை இருந்தால் கூடுதல் | ஒவ்வொரு முறையும் |
| மறைசெலவு | 500 யூனிட் கோடு, பழைய ஒயர் | திரீ பேஸ் மாற்றம், நிலைக்கட்டணம் | ஜி.எஸ்.டி., காத்திருப்புக் கட்டணம் |
| காசுக்குப் பிறருக்குச் சார்ஜ் | கூடாது | சரியான பிரிவில் எடுத்தால் மட்டும் | பொருந்தாது |
| யாருக்கு | ஸ்கூட்டர். யூனிட் குறைவாக ஓடும் வீட்டில் கார் | யூனிட் அதிகம் ஓடும் வீட்டில் கார், இரண்டு கார், அடுக்குமாடி | சொந்தப் பார்க்கிங் இல்லாதவர் |

## கடை, லாட்ஜ் வைத்திருப்பவர்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையோர விடுதிகளிலிருந்து இந்தக் கேள்வி நிறைய வருகிறது. தங்குபவர்களுக்கு மட்டும், காசு வாங்காமல் என்றால் இருக்கும் வணிக இணைப்பில் 3.3 அல்லது 7.4 கிலோவாட் மெதுவான முனை இரண்டு போதும். இரவு தங்குபவருக்கு வேகச் சார்ஜர் எதற்கு?

காசு வாங்கி, வெளியாருக்கும் திறந்துவிட்டால் அது பொது நிலையம். உரிமம் வேண்டாம், ஆனால் சார்ஜிங்குக்கான தனி மீட்டர், டிஜிட்டல் பணம் செலுத்தும் வசதி, தேசியத் தரவுத்தளத்தில் பதிவு, கரண்ட் கொடுக்கும் முன் பாதுகாப்புச் சோதனை எல்லாம் வரும். சார்ஜர் இயந்திரத்துக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான் என்பதைக் காட்டி விற்பார்கள். இயந்திர விலையை மட்டும் பார்க்காதீர்கள். 60 கிலோவாட் டி.சி. வேகச் சார்ஜர் என்றால் அதற்கேற்ற கேபிள், எர்த், அந்தத் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் மிச்ச இடம் எல்லாம் வேண்டும். இடமில்லை என்றால் விரிவாக்கச் செலவு இயந்திரத்தோடு போட்டி போடும். மின்சார வண்டிகளுக்கான மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜிங்குக்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு உண்டு. ஆனால் முன்மொழிவு அரசின் பொறுப்பு அமைப்புகள் வழியாகத்தான் போகும், தனிக் கடைக்காரர் நேராக விண்ணப்பித்து மானியம் வாங்கும் ஏற்பாடு இல்லை. மானியத்தைக் கணக்கில் சேர்க்காமலே தொழில் நிற்குமா என்று பாருங்கள்.

கடலுக்கு ஒரு கி.மீ.க்குள் இடம் இருந்தால் இயந்திரப் பெட்டி வண்ணம் பூசிய சாதா இரும்பாக இருக்கக்கூடாது. உப்புக் காற்றில் திருகு துருப்பிடித்து, வடிகட்டி அடைத்து, விசிறி நிற்கும். அதிகச் சூட்டில் சார்ஜர் தானாக வேகத்தைக் குறைக்கும், வாடிக்கையாளர் 'இங்கே மெதுவாக ஏறுகிறது' என்று செயலியில் எழுதிவிட்டுப் போவார். பராமரிப்பு ஒப்பந்தத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வடிகட்டி மாற்றுவதும், ஆர்.சி.சி.பி. சோதிப்பதும், முனையின் செப்புத் தகடுகளைத் துடைப்பதும் எழுதியிருக்கிறதா, பழுது வந்தால் ஆள் சென்னையிலிருந்து வர வேண்டுமா, உள்ளூரிலேயே இருக்கிறாரா என்பதைக் கையெழுத்துக்கு முன் கேளுங்கள்.